கபீர் மச்சானின் நாலு

அஹமது கபீர் என்று பெயரைச் சொன்னால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பழைய ஆட்கள் முதலில் சிரித்துவிட்டு, அதற்கப்புறம்தான் "பாவம்" என்பார்கள். அவர் என் லாத்தா ருக்கையாவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவள் புருஷன் எனக்கு மச்சான். சின்ன வயதிலிருந்து ஒரே சேலைக் கடையில் நின்று விற்றவர். கடை அவருடையது இல்லை. ஆனால் வருகிறவர்கள் "கபீர் கடை" என்றுதான் சொல்வார்கள், முதலாளிக்கே அது பழகிவிட்டது.

சேலையை அவர் விற்கவில்லை, வாயை விற்றார். "இதக் கட்டிக்கிட்டுப் போனீங்கன்னா மாமியார் மயங்கி விழுந்துருவாங்க லா, கையோட ஒரு பாட்டில் தண்ணியும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். ஒரு சேலை வாங்க வந்தவர்கள் ஆறு வாங்கிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையையும் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்குக் கோயில் மண்டபத்துக்குப் போனவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து, சந்தனம் கொடுத்து முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தலையில் தொப்பியோடு எந்தத் தாய்மாமன் வருவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அங்கேயும் பேசியிருக்கிறார்.

நான் தோ பாயோவில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் மீ நூடுல்ஸ் விற்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளாததற்கு வருத்தமும் இல்லை. விடுமுறை நாட்களில் ஈசூனில் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். கதவைத் திறக்கும்போதே மச்சான் குரல் கொடுப்பார்: "ருக்கையா, ரஷீதா வந்துட்டா. கத்தி கபடாவெல்லாம் எடுத்து உள்ள வை." எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் என் வாய்க்கு வேலையே இருக்காது, அவரே பேசி முடித்துவிடுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் குறை தெரியாமல் வீட்டை நிறைத்தது அவருடைய பேச்சுதான்.

வலி முதலில் வந்தது ஒரு கோப்பிக் கடையில். ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தவர், இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மேசையில் கவிழ்ந்தார். கரண்ட் அடித்த மாதிரி இருந்தது என்றார். பல் என்று நினைத்து ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். பல்லில் ஒன்றுமே இல்லை. முகத்துக்கு வருகிற நரம்பின் மேல், மூளைக்குப் பக்கத்தில், ஒரு ரத்தக்குழாய் சாய்ந்துகொண்டு நாடி அடிக்க அடிக்க அதை இடித்துக்கொண்டிருந்ததாம்.

மாத்திரை கொடுக்கும் முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்களில் சிலருக்கு அந்த மாத்திரை தோலையே உரித்துவிடுமாம். அவருக்கு ஒத்துக்கொண்டது. முதல் வருஷம் வலி கேட்டது, அப்புறம் மாத்திரையைக் கூட்டக் கூட்டத் தூக்கம்தான் வந்ததே தவிர வலி கேட்கவில்லை. பல் துலக்கினால் அடிக்கும். எம்ஆர்டி ரயில் கதவு திறந்து குளிர்காற்று கன்னத்தில் பட்டால் அடிக்கும். பேச வாயைத் திறந்தால், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம், மூன்றாவது வார்த்தையில் அடிக்கும்.

அதனால் பேச்சை நிறுத்தினார். சிரிப்பை நிறுத்தினார். இடது கன்னத்தில் சவரக் கத்தி வைக்க முடியாமல் தாடி வளர்ந்தது. அதைப் பார்த்து "என்ன பாய், ஹஜ்ஜுக்குப் போகப் போறீங்களா?" என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினார். கடையில் அவரைப் பின்னால் கிடங்குக்கு மாற்றி, சேலை மடிக்க வைத்தார்கள். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், வேறு ஒருத்தராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் வாயை வைத்துப் பிழைத்த மனுஷன் மூட்டைகளுக்கு நடுவில் ஊமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இதில் ஒரு கொடுமை, வலிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றுமே தெரியாது. முகத்தைச் சுளித்தால் இன்னும் அடிக்கும் என்பதால் சுளிக்காமல் இருக்கப் பழகிவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு அட்டையைக் காட்டுவாள், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்திருக்கும். அந்த அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தால் இவர் சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில்தான் இருப்பார். பிறகு வாயால் கேட்பாள், ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எவ்வளவு என்று.

"அல்ஹம்துலில்லாஹ், நாலு."

எப்போது கேட்டாலும் நாலுதான். நோயைப் பற்றி அடுத்தவரிடம் புலம்பினால் படைத்தவனைக் குறை சொன்ன மாதிரி, நாங்கள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் அவனுக்கே, என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது. டாக்டர் கேட்பது குசலம் விசாரிப்பு இல்லை, அதை வைத்துத்தான் வைத்தியத்தை முடிவு செய்வார் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. ஆனால் அந்த நாலுக்கு வளர்ப்பு மட்டும் காரணம் இல்லை. பக்கத்து நாற்காலியில் லாத்தா உட்கார்ந்திருப்பாள்.

டாக்டர் ஆரம்பத்திலேயே ஆப்பரேஷன் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தார். காதுக்குப் பின்னால் திறந்து, அந்த ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலி போய்விடும். சிலருக்குக் காது கேட்காமல் போகலாம், ரொம்பச் சிலருக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். அந்தக் கடைசி வார்த்தைக்கு அப்புறம் லாத்தாவின் காதில் எதுவும் விழவில்லை. எங்களைப் பெற்ற வாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையைத் திறந்து ஆப்பரேஷன் செய்து, அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையும் யார் என்று தெரியாமலே கிடந்து இறந்துபோனார். ருக்கையாதான் அவருக்கு ஊட்டினாள். "ஒங்க தலையில ஒருத்தரும் கை வைக்க நான் விட மாட்டேன். நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் சரி, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து நாலுக்கு மேல் ஒரு எண்ணை அவர் வாய் சொல்லவில்லை. ஆறு, ஏழு என்றால் டாக்டர் மறுபடி ஆப்பரேஷன் பேச்சை எடுப்பார், இவள் மறுபடி அழுவாள்.

அவளுக்கு அந்த நாலு வசதியாக இருந்தது, நம்பிக்கொண்டாள். என் கூடப் பிறந்தவள்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் நிரஞ்சனா வந்தாள். தீராத வலியோடு இருப்பவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் பற்றி ஏதோ ஆராய்ச்சி, அதற்குக் கேள்வி கேட்க அனுப்பப்பட்ட பெண். கையில் ஒரு டேப்லட். கேள்விகளைப் பள்ளிக்கூடத் தமிழில் மணி மணியாக வாசித்தாள், விளக்கம் சொல்லும்போது மட்டும் நம்மைப் போலப் பேசினாள். நடக்க முடிகிறதா, குளிக்க உடுத்த முடிகிறதா, மனச்சோர்வு உண்டா என்று கேட்டுவிட்டுத் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். முதலில் லாத்தாவிடம்.

"முதலாம் வாழ்க்கையில் நீங்கள் பத்து ஆண்டுகள் இந்த வலியுடன் வாழ்கிறீர்கள். இரண்டாம் வாழ்க்கையில் முழு ஆரோக்கியத்துடன், ஆனால் குறைந்த ஆண்டுகள் வாழ்கிறீர்கள்." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அதாவது ஆன்ட்டி, அங்கிளுக்கு இருக்குற இதே வலி உங்களுக்கு இருக்குன்னு வச்சுக்குங்க. அது இல்லாம இருக்க பத்து வருஷத்துல எத்தன வருஷத்த விட்டுக் குடுப்பீங்க?"

"ஒரு நாள்கூட இல்ல மா," என்றாள் லாத்தா. "ஆயுசு என்னோடதா, நான் வெட்டிக் குடுக்க? அல்லாஹ் எழுதுனது அது."

"சும்மா கற்பனைக்குத்தான் ஆன்ட்டி."

"கற்பனைக்கும் அது தப்பு மா."

நிரஞ்சனா வற்புறுத்தவில்லை. எதையோ தட்டினாள். நான் சும்மா இருப்பேனா? இந்தப் பதிலை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒருவர் எவ்வளவு வருஷத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதை வைத்துத்தான் ஒரு நோய் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று அளப்பார்களாம். எதையும் விட்டுக்கொடுக்காதவர் கணக்கில், அந்த வலியோடு வாழ்வதும் ஆரோக்கியமாக வாழ்வதும் ஒன்று என்று விழுமாம்.

"நல்லா இருக்கு ஒங்க கணக்கு," என்றேன். "இவ அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்னா, ஒங்க மெஷினு வலியே இல்லன்னு எழுதிக்குமா?"

"அத தனியா குறிச்சு வச்சிருக்கேன் ஆன்ட்டி, ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு," என்றாள் அந்தப் பெண். பாவம், அவள் என்ன செய்வாள்.

அடுத்து மச்சானிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்றாள். அதற்குள் அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. லாத்தா கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு, தொழுகைக்கான வெள்ளைத் தெலகூங் அங்கியைத் தலையில் மாட்டிக்கொண்டு அறைக்குள் தொழப் போனாள். என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. மூன்றறை வீடு, எங்கே போவது? அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. மச்சான் திரும்பி அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார்.

"பேரு எங்கயும் வருமா?" என்று கேட்டார். உதடு அசைந்ததும் தெரியாமல், ரகசியம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரல்.

"வராது அங்கிள்."

நிரஞ்சனா கோட்டைக் காட்டினாள். வலியோடு பத்து வருஷமா, வலியில்லாமல் ஐந்து வருஷமா? ஐந்தை விரலால் தொட்டார். நான்கா? தொட்டார். மூன்றா? தொட்டார். அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு என்றதும் அதையும் தொட்டார். ஒன்று என்றபோதுதான் விரலை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு பத்தாது மா. ரெண்டு." நடுவில் ஒருமுறை வலி அடித்தது போல, கண்ணை மூடி, அசையாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "ஒரு வருஷம் நான் பேசணும். இன்னொரு வருஷம் அவளப் பழக்கணும், நான் இல்லாம இருக்க."

அப்போது நான் அறைக்குள் பார்த்தேன். லாத்தா சுஜூதில் இருந்தாள். நெற்றி தரையில். சாதாரணமாக நாலு மூச்சு விடுகிற நேரம்தான் அது. அவள் எழவில்லை. தொழுகையை நடுவில் முறிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த வெள்ளைத் துணி குலுங்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். மச்சானுக்குக் கதவு முதுகுப் பக்கம் இருந்தது.

தொழுதுவிட்டு வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். மச்சானுக்கு மட்டும் ஆறவைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மச்சான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆரம்பித்தார். லாத்தா அவர் கையின் மேல் கையை வைத்தாள்.

"நாலு இல்ல டாக்டர். பத்து," என்றாள். "ஆப்பரேஷனுக்கு நாள் குடுங்க."

மச்சான் திரும்பி அவளைப் பார்த்தார். அசைக்கக் கூடாத அந்த முகம் அன்றைக்கு அசைந்தது. அது வலியில் கோணிக்கொண்டதா அழுகையில் கோணிக்கொண்டதா என்று சொல்ல எந்த அட்டையிலும் படம் இல்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் இடது கன்னத்தை விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரஷீதா, நீயா? சொர்க்கத்துக்குப் போயிட்டேன்னு நெனச்சேன், ஒன் மூஞ்சியப் பாத்ததும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். லாத்தா அந்த வார்டிலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள்.

அதற்கப்புறம் அவர் பேசியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மறுபடி கடையின் முன்பக்கம் வந்து நின்றார். தீபாவளி நேரத்தில் அவர் குரல் தெரு வரைக்கும் கேட்டது. தாடியை எடுத்தார். லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசினார். ஐஸ் தண்ணீர் குடித்தார், வேண்டுமென்றே, இடது பக்கமாக. லாத்தா தூக்கம் கெட்டுப்போகிறது என்று என்னிடம் புகார் சொன்னாள், சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நடு நடுவே அவர் அவளுக்கு ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தார், மின்சார பில்லை ஃபோனில் கட்டுவது எப்படி, தனியாக எம்ஆர்டி மாறுவது எப்படி என்று. "ஏன் இதெல்லாம்? அதான் நீங்க இருக்கீங்களே" என்பாள். "பழகிக்க" என்பார். அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார். பேச்சு நின்றதும்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். மாரடைப்பு. விரித்த சேலையின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. தலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நான் அதை லாத்தாவிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"ரெண்டுன்னு கேட்டாரு," என்றாள். "ரெண்டுகூட முழுசா இல்ல, ரஷீதா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பேரம் பேச அல்லாஹ் என்ன தேக்கா மார்க்கெட்டுக் கடைக்காரனா?" என்று கத்திவிட்டேன். உடனே அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள், புருஷன் இறந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி ஃபோனில் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தா முடிந்த கொஞ்ச நாளில் நிரஞ்சனா ஃபோன் செய்தாள். ஆராய்ச்சியில் இரண்டாவது முறை கேட்க வேண்டிய நேரமாம். விஷயம் தெரிந்ததும் பதறிப்போய், கேள்வியெல்லாம் வேண்டாம், பார்க்க மட்டும் வருகிறேன் என்றாள். பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, பையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு கோட்ட எடு மா," என்றாள் லாத்தா.

"வேணாம் ஆன்ட்டி."

"எடு. அன்னிக்கு எனக்கு வலி வந்தா என்ன செய்வேன்னு கேட்ட. அப்படிக் கேக்காத. வலி அவருக்கு. அந்த வலியோட அவரு இங்க பத்து வருஷம் இருக்கணுமா, நல்லபடியா ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போகணுமா. எனக்கு எது வேணும்னு கேளு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கேள் என்று நான் தலையசைத்தேன். அவள் டேப்லட்டை எடுக்கவே இல்லை, வெறும் கையோடு கேட்டாள்.

"எது வேணும் ஆன்ட்டி?"

லாத்தா திரும்பி அறைக் கதவைப் பார்த்தாள். அரைவாசி திறந்திருந்தது. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி, எழுந்து போய் அதைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பத்து."